விட்டுவைத்த பதினொரு செடிகள்

மேல் ரோட்டிலிருந்து கீழ் ஓடை வரைக்கும் அந்த நிரையில் எழுபத்து நான்கு தேயிலைச் செடிகள். ஒன்பதாம் நம்பர் காட்டில் எந்த நிரையில் எத்தனை செடி என்பது தெய்வானைக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை, அவளாகச் சொன்னதும் இல்லை. எழுபத்து நான்கையும் வெட்டி முடித்தால் ஓடை வந்துவிடும். ஓடைக்கரையில், போன செவ்வாய்க்கிழமை அவள் பறிக்காமல் விட்டுவைத்த பதினொரு கடுகுக்கீரைச் செடிகள் இருக்கும். அவை பச்சையாக இருந்தால் ஒன்றுமில்லை. மஞ்சளாகியிருந்தால், அவற்றோடு சேர்ந்து நின்று, அவள் பிடுங்கிக்கொண்டு போய் மருமகள் சுகந்திக்கு வதக்கிக் கொடுத்த இருபத்து மூன்று செடிகளும் களைமருந்து பட்டவை. சுகந்திக்கு இது ஆறாம் மாதம். மருந்து பட்ட களை அன்றைக்கே வாடாது, மறுநாளும் வாடாது, ஒன்றும் நடக்காததுபோல ஐந்தாறு நாள் நிற்கும், ஏழாம் நாள் நுனியிலிருந்து வெளுக்கும். செவ்வாய் போய் இன்று செவ்வாய். ஏழு. இரண்டாம் நம்பர் காட்டிலேயே ஆறு நாள் கொழுந்து வெட்டிய பிறகு இன்று காலையில்தான் மேஸ்திரி பெண்களை இங்கே இறக்கிவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம்தான். நிரையை விட்டு இறங்கினால் எங்கே போறீங்க என்று கேட்பார், என்ன பதில் சொல்வது. இறங்கினாலும் தெரியாது, பத்தாவது செடிக்குக் கீழே எல்லாம் மூடுபனி. கத்தரியைத் திறந்து மூடினாள். ஒன்று. இலை கத்தரியில் மாட்டிய பெட்டியில் விழுந்தது. வெட்டினால் போதும், கால் தானாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நினைத்தாள், நினைத்த உடனே கால் அங்கே போய்ச் சேராமலே இருந்தால் என்ன என்றும் தோன்றியது.

அந்தச் செடிக்கு யாரும் சரியாகப் பேர் வைக்கவில்லை. மென்றால் கடுகுபோல நாக்கில் ஏறுவதால் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் கடுகுக்கீரை என்பார்கள், அவ்வளவுதான். ஒரு சாண் உயரம். ஈரம் இருக்கிற இடத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தட்டுப்போலத் தரையில் இலை விரித்து நடுவிலே ஒரு தண்டு விடும். தண்டின் நுனியில் பூ, அரிசிக் குருணை அளவுதான், வெள்ளை, நான்கு இதழ். கண் ஆபரேஷன் செய்து கட்டுப் பிரித்த மறுவாரம் அந்தப் பூவை ஒரு நாள் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஆறு நூல் இருந்தது, நான்கு உயரம், இரண்டு குட்டை. வேறு பூவைப் பார்த்தாள், அதிலும் நான்கு உயரம், இரண்டு குட்டை. இவ்வளவு சின்னதற்கு யார் இவ்வளவு கணக்காகச் செய்து வைத்தது என்று அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு. பூ உதிர்ந்தால் ஊசிபோலக் காய் நிமிர்ந்து நிற்கும். முற்றிய காயில் விரல் பட்டால் பட்டென்று வெடித்து விதை முகத்தில் அடிக்கும். அதனால்தான் அவள் எப்போதும் எல்லாவற்றையும் பறிக்க மாட்டாள், இரண்டு எடுத்தால் ஒன்று விடுவாள். மூன்றாவது செடி விதைக்கு. கீழேயிருந்து மேலாக எண்ணிக்கொண்டே வருவாள், ஒன்று, இரண்டு, விடு. அன்றைக்கு மொத்தம் முப்பத்து நான்கு. எடுத்தது இருபத்து மூன்று, விட்டது பதினொன்று. சுகந்தி கேட்டதால்தான் போனாள். ஐந்து மாதமாகச் சோறு கண்டால் ஓங்கரிப்பு, ரசம் ஊற்றினால் ஓங்கரிப்பு, பழம் கொடுத்தால் அரைப் பழம். திங்கட்கிழமை ராத்திரி அவளாகவே, சுள்ளுனு ஏதாச்சும் இருந்தா ரெண்டு வாய் திம்பேன் அத்தை, என்றாள். கேட்காதவள் கேட்டாள். அந்த வார்த்தையைச் செவ்வாய் முழுக்க மடியில் கட்டியதுபோலச் சுமந்துகொண்டு வேலை பார்த்தாள். கேட்காமலே இருந்திருந்தால். இல்லை, அவள்மேல் போடக் கூடாது. அவள் காரமாக ஏதாவது என்றுதான் கேட்டாள், ஒன்பதாம் காட்டு ஓடையில் போய்ப் பிடுங்கு என்று சொல்லவில்லை. பதினாறு. பதினாறா, பதினேழா. நின்று திரும்பிப் பார்த்து, வெட்டிய தலைகளை மேலேயிருந்து எண்ணினாள். பதினேழு.

பார்க்காமல் பறித்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. மருந்து அடித்த இடத்தில் முதல் தேயிலைச் செடியின் கிளையில் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். இந்த எஸ்டேட்டில் ஒரு முழம் சிவப்புத் துணி தொங்கினால் மாடுகூட அந்தப் பக்கம் திரும்பாது. செவ்வாய் மாலை நாலே காலுக்கு அவள் ஓடைக்கரைக்குப் போனபோது மேலும் கீழும் துணி இருக்கிறதா என்று பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். துணி இல்லை. ஒரு பெரணித் தண்டு மட்டும் யாரோ ஒடித்துத் தலைகீழாகக் கரையில் குத்தி வைத்திருந்தார்கள். ஏதோ பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்தாள். தேயிலைக்கு நடுவே தேயிலை அல்லாத எதுவும் நிமிர்ந்து நின்றால் அவளுக்குக் கண்ணை உறுத்தும், கை சும்மா இராது. பிடுங்கி ஓடையில் எறிந்தாள். எறிந்த கையோடு குனிந்து கீரை பிடுங்க ஆரம்பித்தாள். மறுநாள் காலை பேர் கூப்பிடுகிற இடத்தில் பெஞ்சமின் மேஸ்திரி குடையை ஊன்றிக்கொண்டு, "ஒம்பதாம் காட்டு ஓடையில நான் குத்தி வச்ச பெரணியைப் பிடுங்கினது யாரு? துணி தீந்துபோச்சுன்னு அடையாளத்துக்கு வச்சேன். நேத்துக் காலையில அங்க மருந்து அடிச்சிருக்கு, ஆடு கீடு இறங்கிடாம பாத்துக்கங்க" என்றார். இருபத்தெட்டுப் பெண்கள் நின்றார்கள். தெய்வானை இருபத்தேழாவதாக நின்றாள். அன்றைக்கே கையைத் தூக்கி, நான்தான், நான் அங்கே கீரை பறித்தேன், எங்கிருந்து எது வரைக்கும் அடித்தீர்கள் என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். முப்பத்தொரு வருஷத்தில் அவள் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்தது தன் பேருக்குப் பதில் சொல்ல மட்டும்தான். நாலு நாள் கழித்து, எடை போடுகிற இடத்தில், யாருக்கோ கேட்கிற மாதிரி, ஓடையில எவ்வளவு தூரம் அடிச்சாங்க மேஸ்திரி, என்று கேட்டுப் பார்த்தாள். அடிவாரத்திலிருந்து பாதி வரைக்கும் என்றார். எது பாதி. ஓடைக்குப் பாதியா, காட்டுக்குப் பாதியா. பெரணி நின்ற இடம் பாதி என்றால் அவள் பறித்தது பெரணிக்கு மேலேயா கீழேயா. மேலே என்றுதான் நினைவு. குனிந்தபோது ஓடைத்தண்ணீர் இடது காதுப் பக்கம் கேட்டது, அப்படியானால் மேலே. ஆனால் கீரையை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது பெரணி பிடுங்கிய ஓட்டை காலுக்கு முன்னால் இருந்தது, அப்படியானால் கீழே. அடையாளத்தைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு அடையாளத்தைத் தேடுகிறோம் என்று நினைத்ததும் கத்தரி ஒரு முற்றிய கிளையில் மாட்டிக்கொண்டது. ஆட்டி எடுத்தாள். முப்பத்தொன்று.

இலை ஈரமாக இருந்தது. அதுதான் சிக்கு. எதை நினைத்தாலும் கடைசியில் அந்த ஈரத்தில் வந்து நின்றாள். அன்றைக்கு இரண்டு மணிக்கு ஒரு சாரல் வந்தது, பத்து நிமிஷம். இலையில் இருந்தது அந்த ஈரம். அப்படியென்றால் காலையில் அடித்த மருந்தைச் சாரல் கழுவியிருக்கும். அல்லது மருந்துதான் காயாமல் இருந்தது. அல்லது சாரல் அதைக் கழுவி, மேலே அடித்ததைக் கீழே நின்றதற்குக் கொண்டுவந்து ஊற்றியது. வாசனை வந்ததா. மருந்து வாசனை அவளுக்குத் தெரியும், ஆனால் அன்று முழுக்க மூக்கடைப்பு. வீட்டில் மூன்று தண்ணீர் கழுவினாள். எதையும் மூன்று தண்ணீர்தான், இரண்டும் இல்லை, நான்கும் இல்லை. அன்றைக்கு மட்டும் நான்காவது ஊற்றியிருந்தால். சட்டியில் போட்டதும் இருபத்து மூன்று செடியும் சுண்டி ஒரு கைப்பிடி ஆனது. ரெண்டு வாய் நீங்களும் போட்டுக்கங்க அத்தை, என்றாள் சுகந்தி. ஒருத்திக்கே காணாது, தின்னு, என்று சொல்லிவிட்டு இவள் மோர்ச்சோறு தின்றாள். அதையும் ஏழு நாளாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாயிற்று. தானும் ஒரு வாய் தின்றிருந்தால் தன் வயிறே சொல்லியிருக்கும். வலித்திருந்தால் தெரிந்திருக்கும், வலிக்காவிட்டால் தெரிந்திருக்கும். ஆசையாகப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள், சுகந்தி தட்டை வழித்து நக்கினாள், பார்க்கப் பார்க்க நிறைவாக இருந்தது.

சுகந்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று புதன்கிழமையிலிருந்து தினம் ஒரு தடவையாவது யோசித்தாள். சுகந்திக்கு முதல் பிள்ளை மூன்றாம் மாதம் வயிற்றிலேயே போனது. இரண்டாவது ஐந்தாம் மாதம், கோத்தகிரி பஸ்ஸில், வளைவில் வண்டி திரும்பும்போது அத்தை என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுத் தெய்வானையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி இன்னும் முந்தானையில் இருப்பதுபோல இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்தப் பெண் சிரித்துப் பேசவில்லை. இப்போது மூன்றாவது. திருப்பூரில் லாரி ஓட்டும் மகன் கதிரேசன் மாதம் ஒரு தரம் வருகிறவன், அவனிடம் சொன்னால் பாத்துப் பறிக்கறதில்லையாம்மா என்பான், ஒரு கேள்விதான், அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டான், அதுதான் தாங்காது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் என்ன மருந்து, எவ்வளவு தின்றாள் என்று கேட்பார்கள். எவ்வளவு என்று இவளுக்கே தெரியாது. இருபத்து மூன்றா, ஒன்றுமே இல்லையா. ஸ்கேன் வருகிற வெள்ளிக்கிழமை, எப்படியும் போகத்தானே போகிறோம் என்று ஒரு சாக்கு. பயத்தைச் சொன்னால் அந்தப் பயமே பிள்ளைக்கு ஆகாது என்று இன்னொரு சாக்கு. வியாழக்கிழமை முழங்கால் வலி என்று டிஸ்பென்சரிக்குப் போய்க் கம்பவுண்டரிடம் மெதுவாக, மருந்து அடிச்ச புல்லைத் தின்னுட்டா என்ன பண்ணும் சார், என்று கேட்டாள். யார் தின்னது என்றார் அவர். ஆடு, என்றாள். எத்தனை ஆடு. ஒண்ணுதான் சார். சினை ஆடா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் மாத்திரையை மடித்துக்கொண்டே சிரித்து, மாட்டு டாக்டர்கிட்டக் கேக்க வேண்டியது, பாத்துக்கிட்டே இருங்க, என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வழியில் பார்த்து ஆடு எப்படியிருக்கு என்று விசாரித்தார். நல்லா இருக்கு சார் என்றாள். இல்லாத ஆட்டுக்கு வாயில் சட்டென்று பதில் வந்தது. வீட்டில் இருப்பவளைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. பாத்துக்கிட்டே இருங்க என்றார் அல்லவா, பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். சுகந்தி தண்ணீர் குடித்தால் பார்த்தாள், திரும்பிப் படுத்தால் பார்த்தாள், கக்கூஸ் போய்வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்தாள்.

அடுத்த நிரையில் ரீட்டா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெட்டினாள். அவளுக்கு வாய் ஓயாது. என்னக்கா, இன்னிக்கு இலையையும் எண்ண ஆரம்பிச்சிட்டீங்களா, பின்னாடியே நிக்கிறீங்க, என்றாள். அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள். தெய்வானையும் சிரிப்பது மாதிரி உதட்டை இழுத்தாள். உண்மையிலேயே பின்னால் நின்றாள். எப்போதும் முதலில் ஓடையைத் தொடுகிறவள் அவள்தான். நாற்பத்தொன்பது, ஐம்பது. ரீட்டாவிடம் கேட்கலாம், ரீட்டா ஓடையைத் தொட்டதும் மேலே பார்த்து, அங்கே புல் எல்லாம் எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்கலாம். அவள் கருகிக் கிடக்கு என்று சொல்லிவிட்டால். நாற்பதடி தூரத்திலிருந்து, சிரிப்போடு, எல்லார் காதிலும் விழ. வேண்டாம், அதைத் தன் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பனி கொஞ்சம் கலைந்தது. அறுபதாவது செடியில் ஓடைச் சத்தம் கேட்டது. இடது காதில். இடது காதில்தான் அன்றும் கேட்டது, இங்கே நின்றாலே இடது காதில்தானே கேட்கும், அப்புறம் அந்த நினைவுக்கு என்ன பொருள். அறுபத்தாறு. மேல் ரோட்டில் மேஸ்திரி விசில் ஊதினார். லாரி சீக்கிரம் வந்துவிட்டதாம், எல்லாரும் பெட்டியைச் சாக்கில் கொட்டி எடை போட்டுவிட்டுத் திரும்ப இறங்கட்டுமாம். எட்டுச் செடி. எட்டே செடி இருந்தது. இதோ வந்துட்டேன் என்று கத்தலாம், ஒரு நிமிஷம் என்று சொல்லலாம், முன்னால் பார்த்தாலே போதும். பனி அந்த எட்டுச் செடிக்கு அப்பால் ஒரு துணி கட்டினாற்போல நின்றது. தெய்வானை சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேலே ஏறினாள். ஏறும்போது தன்மேலேயே வந்த வெறுப்பில் எண்ணிக்கை தப்பிவிட்டது. விசில் ஊதினால் ஏறுகிறாள், பேர் கூப்பிட்டால் பதில் சொல்கிறாள், துணி இருந்தால் விலகுகிறாள், துணி இல்லாவிட்டால் போய்ப் பிடுங்குகிறாள். தராசில் பதினெட்டு கிலோ. ரீட்டாவுக்கு இருபத்து மூன்று. அந்த எண்ணைக் கேட்டதும் திரும்பி நடந்தாள்.

திரும்ப இறங்கி எட்டையும் வெட்டினாள். விட்டுவிட்டுப் போகக் கை வரவில்லை, ஒவ்வொன்றாக, ஓரம் சமமாக வெட்டினாள். எழுபத்து நான்கு. பிறகு கத்தரியைக் கீழே வைத்தாள்.

கீழேயிருந்து எண்ணினாள். முதல் செடி மஞ்சள். இலை, தண்டு, காய் எல்லாம், வேகவைத்துப் பிழிந்து போட்டாற்போல. காய் வெடிக்காமலே சுருண்டிருந்தது. வயசாகி விதை போட்ட செடியும் மஞ்சளாகும், அது இப்படி ஆகாது, அதோடு பக்கத்துப் புல்லும் மஞ்சள், பாசிகூட மஞ்சள். இரண்டாவது மஞ்சள். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவது பச்சை. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள், ஒரு காய் வெடித்து விதை மணிக்கட்டில் தெறித்தது. எட்டு பச்சை, ஒன்பது, பத்து பச்சை, பதினொன்றில் இன்னும் பூ இருந்தது. ஆறு மஞ்சள், ஐந்து பச்சை. நடுவே யாரோ கோடு போட்டதுபோல. குந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். விட்டது எல்லாம் மூன்றாவது செடி. ஆறாவது மஞ்சள் என்றால் மொத்தத்தில் பதினெட்டாவது. பதினெட்டில் ஆறு விட்டது போக, எடுத்தது பன்னிரண்டு. பன்னிரண்டு நிச்சயம். ஏழாவது பச்சை இருபத்தொன்றாவது. பத்தொன்பதும் இருபதும் நடுவில் நின்றவை. அவை நின்ற இடம் வெறும் கல், புல் இல்லை, பாசி இல்லை, கேட்டால் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்குக் குறையாது, பதினான்குக்கு மேல் போகாது. ஏழு நாளாக வேண்டியிருந்த கணக்கு இதுதான். கணக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மூன்றாம் தரமும் எண்ணினாள். பன்னிரண்டு. இரண்டு வாய் என்றாள் அவள். கைப்பிடியில் பாதி. அப்படியானால் ஒரு வாய்.

மதியச் சோற்றுக்கு விட்டதும் லயத்துக்கு நடந்தாள். ரீட்டா கூப்பிட்டதற்கு நிற்கவில்லை. வழியெல்லாம் வார்த்தையைத் தயார் பண்ணினாள். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இல்லை. அன்னைக்குக் கீரை. இல்லை. வீட்டுக் கதவு திறந்திருந்தது. சுகந்தி கட்டிலில் சுவரோரம் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி, வயிற்றில் ஒரு கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. தெய்வானை வாசல்படியிலேயே நின்றாள். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, அவள் பார்க்கவில்லை.

"பன்னெண்டு செடி" என்றாள். "பன்னெண்டுல மருந்து இருந்திருக்கு. இன்னும் ரெண்டு தெரியல. நான்தான் பாக்காம..."

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை, திகைக்கவும் இல்லை. "தெரியும் அத்தை" என்றாள். புதன்கிழமையே குழாயடியில் ரீட்டாக்கா மேஸ்திரி திட்டியதைச் சிரிப்பாகச் சொன்னாள் என்றும், செவ்வாய் ராத்திரி ஒன்பதாம் காட்டுக் கீரை என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள் என்றும், உங்களுக்குத் தெரிந்தால் ஏதாவது பண்ணிக்கொள்வீர்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டதாகவும் சொன்னாள். நீங்க ராத்திரியில எழுந்து எழுந்து பாக்கும்போது தூங்கற மாதிரி கெடந்தேன் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தடுக்கியது.

தெய்வானை உள்ளே வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று யார் யாரைக் கேட்பது. ஏழு நாள் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் தின்று, ஆளுக்கொரு மூலையில் இதையே வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

"நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் சுகந்தி. "புள்ள அசையறதை. வியாழக்கிழமை பதினாலு. ஞாயித்துக்கிழமை பதினொண்ணு. நேத்து ஒம்பது."

"இன்னைக்கு?"

சுகந்தி மாமியாரின் கையை எடுத்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள் சில்லென்று இருந்தன. தன் புடவையை விலக்கி அந்தக் கையை வயிற்றின்மேல் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். "காலையிலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றாள். நாலு மணி பஸ்ஸைப் பிடித்து இன்றைக்கே போய்விடலாம் என்றாள் தெய்வானை. சரி என்றாள் அவள். அதற்கு முன்னால் பஸ் இல்லை, நாலு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தோல் சூடாக, இறுக்கமாக இருந்தது. உள்ளங்கையில் ஏதோ துடித்தது. தெய்வானை மூச்சை அடக்கிக்கொண்டு கவனித்தாள். அது அவளுடைய சொந்த நாடி. கையை எடுக்கவில்லை. வெளியே மதிய வேலைக்குச் சங்கு ஊதியது, பெண்கள் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனார்கள், அவளை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் பதில் கொடுக்கவில்லை. ஒன்று என்று எண்ணத் தொடங்க ஒரு அசைவுக்காகக் காத்திருந்தாள்.